அம்பாசிடரா ஃபியட்டா? எனக்கு ஹெரால்டு

31 அக்டோபர் 2023, வாசகர் ஒருவரின் கேள்வி

பம்பாயின் கடைசி பத்மினி (ஃபியட்டின் பிற்காலப் பெயர்) டாக்சியும் இந்த வாரத்தோடு ஓடி முடித்துவிட்டது. ஆளாளுக்கு ஃபியட்டை நினைத்து உருகிக்கொண்டிருக்கிறார்கள். அறுபதுகளில் நம் ஊர்களில் புதிதாக வாங்கக் கிடைத்தது மூன்றே கார்: அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. முதல் இரண்டுக்கும் ரசிகர் மன்றமே உண்டு. ஹெரால்டுக்காகக் கண்ணீர் விட்டவரை நான் பார்த்ததில்லை. இரண்டே கதவு, சுண்டெலி எஞ்சின், கோணல் பின்சக்கரம். என் கட்சி இதுதான்: ஹெரால்டை யாரும் விரும்பி வைத்திருக்கவில்லை, வேறு கிடைக்காமல் வைத்திருந்தார்கள். மறுப்பவர் உண்டா?

1 நவம்பர், காலை

உண்டு. நான்.

அப்பா மன்னார்குடியில் டாக்டர். 1968-ல் ஒரு ஹெரால்டு வாங்கினார், 1963 மாடல், எங்களுக்கு முன்பே இரண்டு பேர் ஓட்டியது. எனக்கு எட்டு வயது. கிரீம் கலர். வந்த மறுநாளே மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். வாசலில் நிறுத்தி, பக்கத்துக்கு ஒன்றாக இருந்த கொக்கியை விடுவித்து, முன்பக்கத்தை அப்படியே தூக்கினார். மற்ற கார்களில் பானெட் என்பது ஒரு மூடி. ஹெரால்டில் விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து, காரின் மூஞ்சியே முன்பக்கமாகக் கவிழும். எஞ்சின், முன்சக்கரங்கள், ஸ்டியரிங் கம்பி எல்லாம் வெட்டவெளியில். தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் கூடிவிட்டோம்.

மெக்கானிக் என்னைத் தூக்கி முன்டயரின் மேல் உட்கார வைத்தார். எதிர் டயரில் அவர் உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றினார். எஞ்சினுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்த மாதிரி. ஒரு காரைப் பிடித்துப்போக இதற்கு மேல் என்ன வேண்டும்?

1 நவம்பர், இரவு

ஏன் அப்படி வடிவமைத்தார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்குப் பின்னால் ஒரு தாயாதிச் சண்டை இருக்கிறது.

ஹெரால்டின் பூர்வீகம் இங்கிலாந்தின் கோவென்ட்ரி. அங்கே ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்கு கார்க்கூடு அடித்துக் கொடுத்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற வெளித் தொழிற்சாலை. 1953-ல் அதைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. ஒரே துண்டாகக் கூட்டை அடித்துத் தர ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் பழைய முறைக்கே போனார்கள். கீழே லாரி மாதிரி தனிச் சட்டம். அதன்மேல் முன்துண்டு, நடுத்துண்டு, பின்துண்டு என்று வெவ்வேறு பட்டறைகளில் செய்து வாங்கி போல்ட்டுப் போட்டு முடுக்கினார்கள். இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிகெலோட்டி வரைந்த வடிவம். 1959-ல் வெளிவந்தது. அதே சட்டத்தைக் குட்டையாக்கித்தான் பிறகு ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையே செய்தார்கள்.

எதிரி வீட்டுக் கதவை அடைத்ததால் முன்பக்கம் முழுக்கத் திறக்கிற கார் கிடைத்தது. மன்னார்குடியில் ஒரு சிறுமிக்கு உட்கார இடமும்.

2 நவம்பர்

சுண்டெலி எஞ்சின்: ஒப்புக்கொள்கிறேன். ஹெரால்டு 948 சிசி, ஃபியட் 1089, அம்பாசிடர் 1489. மூன்றையும் வரிசையாக நிறுத்தினால் எங்களுடையது பால்வாடி.

கோணல் சக்கரம்: அதற்குத் தனியாக வருகிறேன். அவசரப்படக்கூடாது.

3 நவம்பர்

எங்கள் ஊரில் அப்போது ஒரு கணக்கு இருந்தது. அரசியல்வாதியும் மில் முதலாளியும் அம்பாசிடர். வக்கீல் ஃபியட். டாக்டர் ஹெரால்டு. இதற்கு விதிவிலக்கு நிறைய இருந்திருக்கும், ஆனால் எட்டு வயதில் அப்படித்தான் உலகம் பிரிந்து கிடந்தது. அம்பாசிடரில் கணக்கில்லாமல் ஆளை ஏற்றலாம். முன்னாலும் நீள சீட்டு, கியர் ஸ்டியரிங் பக்கத்தில், அதனால் டிரைவரை ஒட்டிக்கூட ஒருவர் உட்காரலாம். தேர்தல் நேரத்தில் அதற்குள்ளிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருப்பார்கள்.

டாக்டருக்கு அந்தக் கூட்டம் தேவையில்லை. பை, கம்பவுண்டர், தான். அவருக்கு வேண்டியது திரும்புவதற்கு இடம். ஹெரால்டு 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடிக்கும். லண்டன் டாக்சிக்குச் சட்டமே கேட்கிற கணக்கு அது. முன்சக்கரம் அவ்வளவு ஒடியும், பார்த்தால் கழன்று விழுகிறதோ என்று பயமாக இருக்கும்.

ஒருநாள் ராத்திரி பாமணி ஆற்றங்கரையில் ஒரு பிரசவ கேஸ். ஏதோ வீம்பு பிடித்து நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். கரைமேல் ஒரு வண்டி போகிற அகலம்தான். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் வயல். தவறான கரையில் வந்துவிட்டோம் என்று பாதி வழியில் தெரிந்தது. ஒரு படித்துறை இறக்கத்தில் கொஞ்சம் அகலம் இருந்தது. கம்பவுண்டர் இறங்கி டார்ச்சைக் காட்ட, அப்பா ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்து ஒரே சுற்றில் திருப்பிவிட்டார். வேறு கார் என்றால் பின்னோக்கியே இரண்டு மைல் வந்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு வயது இருக்கும். ஹெரால்டால் பிறந்தவன் என்று அவனுக்குத் தெரியாது.

5 நவம்பர்

சரி, கோணல் சக்கரம்.

அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் பின்பக்கம் ஒரே உலக்கை மாதிரி அச்சு. இரண்டு சக்கரமும் அதன் இரண்டு முனையில். ஹெரால்டில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி அரை அச்சு. அது நடுவில், இடுப்பில் மட்டும் அசையும். முட்டி மடங்காது. காரின் பின்பக்கம் மேலே எழும்பினால் சக்கரத்தின் அடிப்பக்கம் உள்ளே ஒடுங்கும். பாரம் ஏறி அமுங்கினால் அடிப்பக்கம் வெளியே விரியும். ஜாக்கி வைத்துத் தூக்கினால் இரண்டு சக்கரமும் உள்ளே மடிந்து தொங்கும், பிறந்த கன்றுக்குட்டியின் கால் மாதிரி.

ஆபத்து எங்கே என்றால், ஆளில்லாத காரை வேகமாக வளைவில் திருப்பும்போது. பின்பக்கம் தூக்கும், வெளிச்சக்கரம் உள்ளே ஒடுங்கி விளிம்பில் நிற்கும், பிடி போய்விடும், வால் ஒரு பக்கம் வீசும். இங்கிலாந்திலேயே இதைப் பற்றி நிறைய முனகல் இருந்தது. நம் ஊர் மெக்கானிக்குகள் இதை நம்பவே இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் கம்பெனியே ஹெரால்டை மாற்றி கேசல் என்று விட்டபோது மற்றவர்களைப் போல உலக்கை அச்சுக்குப் போய்விட்டது.

எங்கள் வீட்டு விஷயம் என்னவென்றால், கிராமத்தில் பலர் பீஸுக்குப் பணம் தரமாட்டார்கள். அரிசி, உளுந்து, தேங்காய். அப்பாவின் டிக்கியில் எப்போதும் ஒரு மூட்டை அரிசி கிடக்கும். அம்மா இறக்கச் சொன்னால், "கிடக்கட்டும், வண்டி நிதானமாக ஓடுகிறது" என்பார். வீடே சிரிக்கும். நாற்பது வருஷம் கழித்துத்தான் எனக்குக் காரணம் விளங்கியது. மூட்டை பின்பக்கத்தை அமுக்கி வைத்தது. சக்கரம் விரிந்தே நின்றது. வளைவில் வால் வீசவில்லை. அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

அவருக்கு அது தெரிந்திருந்ததா, இல்லை மூட்டை தூக்கச் சோம்பலா என்பது இனி தீராத வழக்கு.

5 நவம்பர், பிற்பகல்

"ஒரு தடவைகூட வால் வீசவில்லையா?" வீசியது. மூட்டையை அம்மா இறக்கிய வாரம். நீடாமங்கலம் சாலையில் ஒரு வளைவு, மழைத் தூறல், அப்பாவுக்கு அவசரம். கார் அரைவட்டம் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. கம்பவுண்டர் மட்டும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த நாளே மூட்டை திரும்ப ஏறியது. அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

8 நவம்பர்

அக்கா திருச்சியில் இருக்கிறாள். இதையெல்லாம் அவளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். படித்திருக்கக் கூடாது.

முதலில், கலர் கிரீம் இல்லையாம். சாம்பல் கலர். 1973-ல் டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்தபோதுதான் கிரீம் ஆனதாம். எனக்கு முதல் நாளிலிருந்தே கிரீமாகத்தான் ஞாபகம். அவள் என்னைவிட ஐந்து வயது மூத்தவள், ஆகவே அவள் கட்சி பலமானது.

இரண்டாவதாக, ஆற்றங்கரையில் திருப்பியது ஒரே சுற்றில் இல்லையாம். மறுநாள் கம்பவுண்டர் வீட்டில் சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள்: மூன்று தடவை முன்னும் பின்னும் போய், ஒரு சக்கரம் வரப்பில் இறங்கி, தள்ளி ஏற்றினார்களாம். நான் பின் சீட்டில் தூங்கிப்போயிருந்தேனாம். 25 அடி உண்மை. மற்றதற்கு நான் ஜாமீன் இல்லை.

மூன்றாவது கொஞ்சம் வலித்தது. அப்படியே எழுதுகிறேன்: "உனக்கென்னடி, நீ பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாய். நாங்கள் தள்ளினோம்."

9 நவம்பர்

ராத்திரி முழுக்க அந்த வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் சொன்னது சரி. காலையில் செல்ஃப் எடுக்காது. பாட்டரி அப்பா கவனிக்காத ஒன்று. ஐந்து வருஷத்து ரப்பர், அதற்கு முன் இரண்டு கை மாறிய வண்டி, போல்ட்டுப் போட்ட துண்டுகளுக்கு நடுவே இருந்த ரப்பரெல்லாம் செத்துப்போயிருந்தது. ஐப்பசி மழையில் காலடியில் தண்ணீர் நிற்கும். அம்மா புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, காலை டாஷ்போர்டில் வைக்காத குறையாக உட்கார்ந்து வருவாள். எனக்கோ அது கப்பல். காகிதக் கப்பல்கூட விட்டிருக்கிறேன். அக்காவும் கம்பவுண்டரும் ரவிக்கை நனையத் தள்ளுவார்கள். (கம்பவுண்டருக்கு ரவிக்கை இல்லை. வேகத்தில் எழுதிவிட்டேன், அப்படியே இருக்கட்டும்.)

இரண்டு கதவு விஷயமும் அப்படித்தான். முன் சீட்டை மடித்துத்தான் பின்னால் ஏறணும். பாட்டிக்கு அது தண்டனை. அவரை உள்ளே அனுப்ப ஒருவர், வெளியே இழுக்க ஒருவர். எனக்கு அது குகை. ஏறிவிட்டால் யாரும் சட்டென்று பிடித்து இறக்க முடியாது. பிற்காலத்தில் நாலு கதவு வைத்து நம் நாட்டுக்கென்றே செய்தார்கள், ஊரிலிருந்த பாட்டிகளின் சாபம் தாங்காமல் இருக்கும்.

ஆக, கேள்வி கேட்டவருக்குப் பாதி வெற்றி. எங்கள் வீட்டில் ஹெரால்டை விரும்பியது நான் ஒருத்திதான். அதற்காக எந்த வேலையும் செய்யாதவளும் நான் ஒருத்திதான். இந்த இழையில் அம்பாசிடர், ஃபியட் என்று உருகியவர்களைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். ஓட்டினீர்களா, தள்ளினீர்களா, பின் சீட்டா?

9 நவம்பர், இரவு

ஏழு பேர் பதில் சொன்னார்கள். ஆறு பேர் பின் சீட்டு. ஒருவர் டிக்கி என்கிறார். விளக்கம் கேட்டிருக்கிறேன்.

12 நவம்பர், தீபாவளி

அப்பா விரும்பியது ஃபியட். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இளையவர்களுக்குப் புரியாது: பணம் இருந்தாலும் கார் வாங்க முடியாத காலம். முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1969-ல் கார் விலையையே அரசு ஆணை போட்டு நிர்ணயித்தது; கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. வரிசையில் மிக நீளமானது ஃபியட்டுக்குத்தான். அப்பா பதிவு செய்துவிட்டு, அது வரும்வரைக்கும் என்று வாங்கியதுதான் ஹெரால்டு. "தற்காலிகம்" என்றே சொல்லுவார். அந்தத் தற்காலிகம் பதினொரு வருஷம் ஓடியது.

நடுவில் ஃபியட் ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தது. அந்த வருஷம்தான் அக்கா கல்யாணம். கடிதத்தை மடித்து மருந்துப் பட்டியல் நோட்டில் வைத்தார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. கல்யாணத்துக்குப் பெண் அழைப்பு ஹெரால்டில். மாலைகளை பானெட்டில் கட்டியதால் அதைத் திறக்க முடியவில்லை, அன்றைக்கென்று அது திறக்கவேண்டிய தேவையும் இல்லாமல் மூன்று கிலோமீட்டர் சமர்த்தாக ஓடியது.

14 நவம்பர்

டிக்கி மனிதர் விளக்கம் கொடுத்துவிட்டார். குடும்பத்தில் பதினோரு பேர், ஒரே அம்பாசிடர், வேளாங்கண்ணிப் பயணம், டிக்கியைத் திறந்து கயிற்றில் கட்டி, கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு இரண்டு சிறுவர்கள். இப்போது செய்தால் ஜெயில். அம்பாசிடருக்கு ஒரு மதிப்பெண் கூட்டுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியவருக்கு: நீங்கள் சொல்வதற்கு முன்னால் எங்கள் கதையெல்லாம் சும்மா. அவர் எழுதியதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கம். தொண்ணூறுகளில் பெட்ரோல் தடை இருந்தபோது, ஆஸ்டின் ஏ-40, மொரிஸ் மைனர் என்று ஐம்பதுகளின் கார்களை அங்கே மண்ணெண்ணெயில் ஓட்டியிருக்கிறார்கள். கிளப்புவதற்கு மட்டும் கார்புரேட்டரில் சில சொட்டுப் பெட்ரோல், அதையும் சின்னப் போத்தலில் மருந்து மாதிரி வைத்திருப்பார்களாம். எஞ்சின் சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய். பின்னால் வெள்ளைப் புகை. பிள்ளைப்பேற்றுக்குத் தாயை ஏற்றிக்கொண்டு போன கார் என்று ஒரு ஏ-40 பற்றி எழுதியிருக்கிறார். புதிய எஞ்சின் அதைத் தாங்கியிருக்காது. அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின், கிடைத்ததைக் குடித்துவிட்டு ஓடியது.

அவரிடம் நான் கேட்டேன், நீங்கள் பின் சீட்டா என்று. "இல்லை, போத்தல் பிடிச்சவன்" என்றார்.

18 நவம்பர்

ஹெரால்டு பந்தயக் கார் என்று ஒருவர் சொன்னதற்கு மூன்று பேர் சிரித்திருக்கிறீர்கள். சிரிக்காதீர்கள். அக்கா வீட்டுக்காரர், அத்தான், எழுபதுகளில் சென்னையில் படித்தவர். சோழவரம் பந்தயத்துக்கு வருஷம் தவறாமல் போனவர். இரண்டாம் உலகப்போரில் விமானம் இறங்கப் போட்ட ஓடுதளம் அது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வரும்வரைக்கும் தென்னாட்டில் பந்தயம் என்றால் சோழவரம்தான். அங்கே ஹெரால்டு சர்வசாதாரணம். தனிச் சட்டத்தில் போல்ட்டுப் போட்ட கார் அல்லவா, வேண்டாத கூட்டையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு எலும்பும் எஞ்சினுமாக ஓட்டலாம். எந்தத் துண்டு நசுங்கினாலும் அதை மட்டும் மாற்றலாம்.

அத்தான் சொன்னதில் எனக்குப் பிடித்தது: வளைவில் ஹெரால்டு வரும்போது கூட்டம் கொஞ்சம் பின்னால் நகருமாம். மற்ற கார்களுக்கு நகராதாம். கோணல் சக்கரத்துக்குக் கிடைத்த மரியாதை.

18 நவம்பர், சேர்க்கை

அத்தான் எந்த சீட்டு என்று கேட்கிறீர்கள். மதில் சுவர்.

23 நவம்பர்

கம்பெனியைப் பற்றிக் கேட்டவருக்கு. கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் ஃபியட். மூன்றாவது நம்முடையது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ், சென்னை, 1949-லிருந்து. வண்டலூர் பக்கம் தொழிற்சாலை. வேன்கார்டு, பென்னன்ட் எல்லாம் செய்துவிட்டு 1961-ல் ஹெரால்டுக்கு வந்தார்கள். 1965-க்குள் எல்லா பாகமும் உள்நாட்டிலேயே செய்தாகிவிட்டது. கம்பானியன் என்று பின்பக்கம் நீட்டிய வண்டி ஒன்றும் இருந்தது. எங்கள் ஊரில் ஒரு துணிக்கடைக்காரர் வைத்திருந்தார், தறி அளவுக்குச் சத்தம் போடும்.

சென்னைக்குப் போகும்போதெல்லாம் செங்கல்பட்டு தாண்டி வண்டலூர் வந்ததும் அப்பா வேகத்தைக் குறைப்பார். டாஷ்போர்டைத் தட்டி, "உன் பிறந்த வீடு வருது, சமர்த்தா இரு" என்பார். நான் கையை வெளியே நீட்டி டாட்டா காட்டுவேன். இதையும் அக்காவிடம் கேட்டுச் சரிபார்த்துவிட்டேன். உண்மைதான். ஆனால் அப்பா அதை எரிச்சலாகச் சொல்வாராம். பிறந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிடலாமா என்ற அர்த்தத்தில். ஐம்பது வருஷமாக நான் அதைக் கொஞ்சல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கேசல் 1977-ல் நின்றது. பிறகு வேன்கள்தான். 1985-ல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 என்ற காரின் கூட்டுக்குள் பழைய வேன்கார்டு காலத்து எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று விட்டார்கள். பட்டுப் புடவைக்குக் கீழே ரப்பர் செருப்பு. மூன்றே வருஷம், 1988-ல் எல்லாம் மூடியாகிவிட்டது. அதற்குள் மாருதி வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் இப்போது போகும்போது எந்த இடம் என்று எனக்கு அடையாளம் சொல்லத் தெரியவில்லை. மேம்பாலம்தான் தெரிகிறது.

24 நவம்பர்

"வண்டியை விற்ற கதையைச் சொல்லவே இல்லையே."

1979. அப்பா ஒரு பழைய ஃபியட்டுக்கு முடித்துவிட்டு ஹெரால்டைக் கும்பகோணத்தில் ஒருவருக்குக் கொடுத்தார். நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். ஊருக்கு வந்தபோது கொட்டகையில் ஃபியட் நின்றது. அழுதேன் என்று எழுதலாம் என்று இருந்தேன், அக்கா நினைவுக்கு வருகிறாள். அழவில்லை. டிக்கியைத் திறந்து பார்த்தேன். மூட்டை இல்லை. உலக்கை அச்சுக்கு அது தேவையில்லை.

அப்பாவுக்கு அந்த ஃபியட் பத்து வருஷத்துக்கும் மேல் உழைத்தது. வாரத்துக்கு ஒரு தடவை தானே துடைப்பார். அதன் எண் எங்கள் யாருக்கும் ஞாபகமில்லை. எம்.எஸ். என்று தொடங்கும் ஹெரால்டின் எண்ணை அக்காகூடத் தூக்கத்தில் சொல்லுவாள்.

2 டிசம்பர்

பின்விளக்குக் கண்ணாடி தேடுகிறவருக்கு: சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பார்ட்ஸ் கடைகளில் நேரில் போய்க் கேட்டால்தான் கதை. போனில் கேட்டால் "இருக்கு, வாங்க" என்பார்கள். போனால் "நேத்துதான் போச்சு" என்பார்கள். ஹெரால்டு மார்க் 2-ம் மார்க் 3-ம் ஒன்றில்லை. 1968-ல் வந்த மார்க் 3-க்கு முகமே வேறு, இங்கிலாந்தில் ஓடிய ஹெரால்டு 13/60 மாடலின் சாயல். பெயரை மட்டும் சொன்னால் தவறானதைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். பழைய கண்ணாடியைக் கையோடு கொண்டுபோங்கள், உடைந்திருந்தாலும் பரவாயில்லை.

எஞ்சின் சூடாகிப் பெட்ரோல் ஏறாமல் நின்றால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி. பத்து நிமிஷம் பொறுமை. கொடைக்கானல் மலையில், டம்டம் பாறைக்குப் பக்கத்தில், அம்மாவின் தலைத்துண்டு, என் ஸ்கூல் சட்டை, கடைசியில் பாட்டி கொண்டுவந்த தயிர்சாதத்துத் துணி எல்லாம் அந்தப் பம்பின்மேல் ஏறியிருக்கிறது. தயிர்சாதம் வீணாகவில்லை.

10 டிசம்பர்

அக்கா பீரோவைக் குடைந்து ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாள். "கலர் வழக்கு தீர்ந்தது, பார்" என்று எழுதியிருந்தாள். ஆவலோடு திறந்தேன். கருப்பு வெள்ளை.

எங்கள் வீட்டு வாசல். ஹெரால்டின் முன்பக்கம் கவிழ்ந்திருக்கிறது. மெக்கானிக் குனிந்திருக்கிறார், முகம் தெரியவில்லை. திண்ணையில் அம்மா. தெருப் பிள்ளைகள் கும்பல். பின்னால் 1968 என்று அப்பாவின் கையெழுத்து. முன்டயரில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். போட்டோ ஓரத்தில் வெட்டுப்பட்டு, பாவாடையின் நுனியும் ஒரு காலும் மட்டும் தெரிகிறது.

நான்தான், வேறு யார்.

10 டிசம்பர், இரவு

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காலில் கொலுசு இருக்கிறது. எனக்குக் கொலுசு போட்டது 1971-ல், பாட்டியின் சங்கிலியை அழித்து. அதற்கு முன்னால் வீட்டில் கொலுசு போட்டவள் அக்கா ஒருத்திதான். திண்ணையில் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒரு சின்னத் தலை எட்டிப் பார்க்கிறது, அதை மதியம் நான் கவனிக்கவில்லை.

அக்காவிடம் சொல்லவில்லை. அவளாக இந்தப் பக்கம் வந்து படிக்கிற வழக்கம் இல்லை.